சோலைச் சித்தப்பா பஸ் மாற மாட்டார்

எங்கள் பரளச்சிப் பக்கம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் நிலம் எவ்வளவு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பையன் குடிப்பானா என்று கேட்பார்கள். சோலைச் சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“எங்க ஊர்ல ஏறுனா உங்க ஊர்ல கொண்டாந்து எறக்கி விடுற பஸ்ஸு எதும் இருக்கா?”

வந்தவர்களுக்குக் கேள்வியே விளங்காது. “எங்க ஊருக்கு ஒரு நாளைக்குப் பதினாறு பஸ்ஸு வருது” என்று ஒருத்தர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “எனக்கு ஒண்ணு போதும். அது இல்லையே” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் சித்தப்பா.

அவர் என் அப்பாவுக்குச் சித்தப்பா மகன். அந்த முறையில் எனக்குச் சித்தப்பா. ஒன்பது ஏக்கர் மானாவாரி. மிளகாயும் பருத்தியும் போடுவார். கோபம் வராது, கடன் வாங்க மாட்டார், மாட்டைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். குறை என்று சொன்னால் இது ஒன்றுதான்: பஸ் மாற மாட்டார். ஏறிய பஸ்ஸிலேயே போய் இறங்க வேண்டும். பரளச்சியிலிருந்து நேராக அருப்புக்கோட்டைக்கு பஸ் உண்டு என்பதால் அவருடைய உலகம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டோடு முடிந்தது. திருச்சுழிக் கோயிலுக்குச் சித்தியைக் கேரியரில் உட்காரவைத்து சைக்கிளில் போய் வருவார். மதுரையை அவர் பார்த்ததே இல்லை.

இதற்கெல்லாம் காரணம் 1982-ல் நடந்த ஒரு காதுகுத்து.

அவருடைய தங்கை கருத்தம்மாளை மல்லாங்கிணற்றில் கட்டிக் கொடுத்திருந்தது. தங்கையின் மூத்த பையனுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் சீர் சபைக்கு வர வேண்டும். சித்தப்பா ஒரு தகரப் பெட்டி நிறையச் சீர் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையனுக்குப் பட்டு வேட்டி, தங்கைக்குச் சேலை, தேங்காய், வெல்லம், இரண்டு சீப்பு வாழைப்பழம். அருப்புக்கோட்டையில் இறங்கி, மல்லாங்கிணறு வழியாகப் போகிற காரியாபட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். அப்புறம் நெருக்கியடித்து வாசல் வழியாக ஏறித் துண்டு கிடக்கிற இடத்தில் போய் உட்காரலாம். பத்திர ஆபீசில் பதிந்த நிலத்தைக்கூட ஒருத்தன் வந்து என்னுடையது என்பான். துண்டு கிடக்கிற சீட்டை யாரும் தொட மாட்டார்கள். அன்றைக்குச் சித்தப்பாவின் துண்டு தலையில் சும்மாடாக இருந்தது. அவசரத்தில் சீர்ப்பெட்டியையே தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டார். அப்போது அவர் நின்றது இரண்டு பஸ்ஸுக்கு நடுவிலிருந்த சந்தில். பெட்டியைத் தள்ளியது இடது பக்க பஸ்ஸில். சுற்றி ஓடிப்போய் ஏறியது வலது பக்க பஸ்ஸில்.

அவர் ஏறியதுதான் காரியாபட்டி பஸ். சீர் கமுதிக்குப் போய்விட்டது.

மல்லாங்கிணற்றில் வெறுங்கையோடு போய் நின்ற தாய்மாமனைப் பார்த்துத் தங்கையின் மாமனார் வீட்டு ஆட்கள் விடுவார்களா? “தாய்மாமன் வந்துட்டாரப்பா. சீரு கோவிச்சுக்கிட்டு வேற ஊருக்குப் போயிருச்சாம்” என்றார் ஒருவர். “அப்ப கமுதியில எவன் வீட்டுலயோ இன்னைக்குக் காதுகுத்து அமோகமா நடக்கும்” என்றார் இன்னொருவர். பெட்டி மூன்றாம் நாள் பஸ்காரர்கள் கையிலேயே பத்திரமாகத் திரும்பி வந்தது. பழம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. சித்தப்பா அன்றைக்கு எடுத்த முடிவு, இனி சாகிறவரைக்கும் பஸ் மாறுவதில்லை என்பது. மகளையும் மாற விடுவதில்லை என்று அதோடு சேர்த்துக்கொண்டதுதான் வம்பாகப் போயிற்று.

ஏனென்றால் மகள் தங்கச்செல்விக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லோருமே அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். தூத்துக்குடியில் சர்க்கார் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, பஸ் மாற வேண்டும், தள்ளுபடி. சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த மாப்பிள்ளை, அதுவும் தள்ளுபடி. ஒரே ஒரு தடவை அருப்புக்கோட்டையிலேயே ஒரு வரன் வந்தது. நேர் பஸ். சித்தப்பா அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்று என்பதைச் சௌந்தரம் சித்திதான் கண்டுபிடித்தார்.

“பஸ்ஸு நேரா இருந்தாப் போதுமா? மாப்பிள்ளை முதுகு நேரா இருக்க வேணாமா?” என்று சித்தி போட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

தங்கச்செல்விக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. 1991-ல் ஆடி கழிந்ததும் பலவநத்தத்திலிருந்து உதயகுமார் பெண் பார்க்க வந்தார். விவசாயக் குடும்பம், நல்ல உயரம், அதிகம் பேசாத ஆள். அவர் அப்பாதான் பேசினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“எப்படி வந்தீக?”

“அருப்புக்கோட்டையில மாறி வந்தோம்.”

சித்தப்பா முகம் விழுந்துவிட்டது. தம்முடைய கொள்கையை ஒளிக்காமல் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். உதயகுமார் சிரிக்கவில்லை. “அப்ப அதுக்கு ஒரு வழி பாக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சிலேயே தங்கச்செல்வி விழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏண்ணே, நீ படிச்சவன்தானே?”

நான்தான் எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன். பி.எஸ்ஸி. கணிதம். அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு மூன்று வருஷம் அதே நேர் பஸ்ஸில்தான் போய் வந்தேன். மனு எழுதுவது, தந்தி படிப்பது, உர மூட்டையில் எழுதியிருப்பதை விளக்குவது எல்லாம் என் பொறுப்பு.

“படிச்சவன்தான். ஏன்?”

“அப்பாகிட்டப் பேசு. இவுகளையும் பஸ்ஸைச் சொல்லித் தட்டி விட்டாகன்னா, நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முறுக்கு வித்துப் பொழச்சுக்கிறேன். வர்ற மாப்பிள்ளையெல்லாம் அங்கதானே மாறுறாக. அதுல ஒருத்தரை நானே பாத்துக்கிறேன்.”

அன்று மத்தியானம் மிளகாய் காயப் போட்டிருந்த களத்தில் சித்தப்பாவைப் பிடித்தேன். இருபது மிளகாயை எடுத்து வட்டமாக வைத்தேன். நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தேன்.

“சித்தப்பா, இந்த மிளகாயெல்லாம் ஊரு. சிரட்டை அருப்புக்கோட்டை. ஒவ்வொரு ஊர்லேருந்தும் மத்த எல்லா ஊருக்கும் நேர் பஸ்ஸு விடணும்னா எத்தனை பஸ்ஸு வேணும் தெரியுமா? நூத்தித் தொண்ணூறு. எல்லாரும் சிரட்டைக்கு வந்து மாறிக்கிட்டா இருபதே பஸ்ஸு போதும். இதுதான் கணக்கு.”

சித்தப்பா மிளகாய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். “கணக்கு சரிதானப்பா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. “அந்த நூத்தித் தொண்ணூறுல நான் ஒண்ணுதானே கேக்குறேன். மிச்ச நூத்தி எம்பத்தொம்பதையும் சர்க்காரே வச்சுக்கிறட்டும்.”

“இருக்கிறதே கொஞ்சம் பஸ்ஸு சித்தப்பா. எல்லாரும் ஒண்ணு ஒண்ணு கேட்டா?”

“ஏப்பா ஆனந்து, தட்டுலேருந்து சோத்தை எடுத்தா நேரா வாய்க்குக் கொண்டு போறமா? இல்ல தோள்பட்டையில எறக்கி வச்சு, அங்கேருந்து வேற கை மாத்திக் கொண்டு போறமா?”

மிளகாயைக் களத்திலேயே தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேரங்களையாவது குறித்து வந்து, மாறினாலும் ஐந்து நிமிஷம்தான் என்று காட்டலாம் என நோட்டோடு அருப்புக்கோட்டைக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு எங்கள் ஊர் பஸ், ஒரு தனியார் வண்டி, வந்து நின்றது. கண்டக்டர் இன்பராஜ் இரண்டு தட்டுத் தட்டி, “எல்லாம் எறங்கு, எல்லாம் எறங்கு” என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, பலவநத்தம் வழியாகப் போகிற விருதுநகர் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினார்கள். காலி பஸ் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் போய் நின்றது. டிரைவர் டீ குடித்தார். இன்பராஜ் முன்னாலிருந்த ‘பரளச்சி’ போர்டைக் கழற்றிவிட்டு ‘விருதுநகர்’ போர்டை மாட்டினார். பத்து ஐம்பதுக்கு அதே பஸ் விருதுநகர் பஸ் நிற்கிற இடத்தில் பின்னுக்கு வந்து நின்றது.

துண்டுகள் பறந்தன. பைகள் பறந்தன. இருபது நிமிஷத்துக்கு முன்னால் எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினார்களோ அதே பஸ்ஸில் ஏறுவதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் சட்டை கிழிய முட்டிக்கொண்டிருந்தார்கள். மேலத்தெருக்காரர் ஒருவர் தாம் எழுந்து வந்த அதே சீட்டில் உட்கார்ந்து, “பிடிச்சேன்ல!” என்று ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார்.

இன்பராஜிடம் ஓடினேன். “அண்ணே, இது பரளச்சியில இருந்து வந்த பஸ்ஸுதானே?”

“ஆமா.”

“பலவநத்தம் வழியாத்தானே போகுது?”

“வேற எந்த வழியா விருதுநகர் போறது?”

“அப்ப ஏண்ணே எல்லாரையும் எறக்கி விடுறீங்க?”

“பரளச்சி டிரிப்பு முடிஞ்சுபோச்சுல்ல.”

“இவுகள்ல பாதிப் பேரு விருதுநகர் போறவுகண்ணே!”

“எங்கிட்ட யாரும் கேக்கலையே தம்பி.”

பிடித்த சீட்டிலிருந்து மேலத்தெருக்காரர் தலையை நீட்டினார். “ஏலே, சண்டை போட்டு ஏறுனாத்தான் பஸ்ஸுல போன மாதிரி இருக்கும். சும்மா உக்காந்தே போறதுக்கு வீட்டுலயே உக்காந்துக்கலாமே?”

அன்று சாயங்காலமே சித்தப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். நேர் பஸ் பல வருஷமாக வாசலுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று. அவர் உடனே நம்பவில்லை.

“ஒரே பஸ்ஸுன்னா போர்டு ஏன் மாறுது?”

“வேட்டி மாத்துனா ஆளு மாறிருவாரா சித்தப்பா?”

யோசித்தார். கடைசியில் சொன்னார்: “புதன்கிழமை மாப்பிள்ளை வீடு பாக்கப் போவோம். நான் பரளச்சியில ஏறுவேன். அதே பஸ்ஸுல அவுக வீட்டு முன்னால எறங்குவேன். நடுவுல எங்கயும் காலு தரையில படாது. பட்டுச்சுன்னா இந்தச் சம்பந்தம் வேணாம். அங்கேருந்தே நடந்து திரும்பிருவேன்.”

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பலவநத்தம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒற்றைப்படையாகப் போக வேண்டும் என்பதால் சித்தப்பா, சித்தி, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். தங்கச்செல்வி வாசலில் நின்று என்னிடம், “அண்ணே, எறங்காமப் பாத்துக்க” என்றாள். அவள் சொன்ன மாதிரியைப் பார்த்தால், கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள் என்று சொன்னதுபோல் இருந்தது.

அருப்புக்கோட்டையில் இன்பராஜ் தட்டினார். எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் இறங்கவில்லை.

“பெருசு, எறங்கு.”

“எறங்க மாட்டேன்.”

“புது டிரிப்பு. புது டிக்கெட்டு.”

“டிக்கெட்டு பத்துகூடக் கிழி. எறங்க மட்டும் சொல்லாத.”

காலி பஸ்ஸில் எங்களை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். சித்தி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு தேரில் போகிறவரைப்போல உட்கார்ந்திருந்தார். பஸ் பின்னுக்கு வந்து நின்றதும் சித்தப்பா தலையில் ஒரு துண்டு விழுந்தது. அதன்மேல் ஒரு பை கத்தரிக்காய். அதற்கப்புறம் ஜன்னல் வழியாக இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அவர் மடியில் இறங்கியது. பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்க அதன் தாய் ஏறி வந்தாள்.

“எந்திரிங்கய்யா. எம்புள்ள பிடிச்ச சீட்டு.”

“உம்புள்ள பிடிச்சது என்னையத்தான் தாயி. சீட்டை நான் பரளச்சியிலேயே பிடிச்சாச்சு.”

பஸ் கிளம்பியது. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊர் தாண்டியதும், தாம் பார்த்தே இராத பருத்திக் காடுகளைப் பார்த்து, “இங்கயும் நம்ம ஊரு மண்ணுதான்” என்றார். பலவநத்தத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பஸ் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமலோடு நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கிப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். “டீசல் ஏறல. மெக்கானிக் வரணும்.”

“பின்னால வண்டி வருது. எல்லாம் மாறிக்கங்க” என்றார் இன்பராஜ்.

மாறிக்கங்க என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தப்பா முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த பஸ் வந்தது. எல்லோரும் ஓடி ஏறினார்கள். மணி பதினொன்று பத்து.

“எந்திரிங்க” என்றார் சித்தி.

“மாட்டேன்.”

“நம்ம மக வாழ்க்கைங்க.”

“அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.”

சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க உக்காந்து இதுக்குக் காவல் இருங்க. நான் மருமகன் வீட்டைப் பாத்துட்டு வாரேன்.” தாம்பாளத்தோடு இறங்கி, அந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

மொட்டை வெயில். பஸ்ஸுக்குள் சித்தப்பாவும் நானும். கீழே கருவேல மர நிழலில் டிரைவரும் இன்பராஜும்.

“பெருசு, நீ எறங்குனா தள்ளியாச்சும் பாக்கலாம். பாரமா இருக்குல்ல” என்றார் இன்பராஜ்.

“நானும் தள்ளுவேன்ப்பா. எறங்காம எப்படித் தள்ளுறதுன்னு மட்டும் சொல்லு.”

நானும் இறங்கி, டிரைவர், இன்பராஜோடு சேர்ந்து வெளியிலிருந்து தள்ளினேன். சித்தப்பா உள்ளேயிருந்து முன் சீட்டைத் தள்ளினார். பஸ் பத்தடி நகர்ந்து ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. பதினொன்று முப்பது. எனக்கு வாசலில் நின்ற தங்கச்செல்வி முகம் ஞாபகம் வந்தது. “சித்தப்பா, யாருக்கும் தெரியாது. ஒருக்க எறங்கி நடந்துருவோம்” என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

“எனக்குத் தெரியுமேப்பா” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கம்பியை விடவில்லை.

அப்போது சாலையில் பட படவென்று ஒரு டிராக்டர் வந்தது. வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாக உதயகுமார் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மட்கார்டில் தாம்பாளத்தோடு, மல்லிகைப் பூவோடு, சௌந்தரம் சித்தி.

உதயகுமார் எங்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தார். டிராக்டரிலிருந்து ஒரு வடக்கயிற்றை எடுத்து பஸ்ஸின் முன்பக்கம் கட்டினார். அப்புறம் ஜன்னலுக்கு வந்து, “மாமா, நல்லாப் பிடிச்சுக்கங்க. எறங்கிறாதீங்க” என்றார்.

பஸ் நகர்ந்தது. டிரைவர் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்பராஜ் படியில் தொங்கிக்கொண்டு வழக்கப்படி விசில் ஊதினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பலவநத்தம் ஸ்டாப் வந்தது. டிராக்டர் நிற்கவில்லை. நேராக ஊருக்குள் திரும்பியது.

“ஏய், ஏய், இது ரூட்டுலயே இல்லாத தெரு!” என்று இன்பராஜ் அலறினார். “யாராச்சும் பாத்தா பெர்மிட்டைப் பிடுங்கிருவாங்க!”

கோழிகள் சிதறின. ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், சம்பந்தி பஸ்ஸோடு வருவதைப் பார்த்துத் தட்டோடு வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஒற்றை விரற்கடை இடைவெளியில் ஒரு மின்கம்பத்தைத் தாண்டி, பஸ் வாசல் முன்னால் வந்து நின்றது. மணி பன்னிரண்டாக ஆறு நிமிஷம்.

சித்தப்பா எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். படியில் நின்று வலது காலை எடுத்து பலவநத்தம் மண்ணில் வைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கை கூப்பினார். “வாங்க சம்பந்தி. வீட்டைச் சுத்திப் பாருங்க. பின்னால கெணறு, தொழுவம்…”

“எல்லாம் பாத்தாச்சு” என்றார் சித்தப்பா, வாசலைத் தாண்டாமலேயே. “ஆவணிக்குள்ள ஒரு நாள் குறிச்சிருங்க.”

மெக்கானிக் அந்தத் தெருவுக்கே வந்து நாலு மணிக்கு பஸ்ஸைக் கிளப்பினார். அதுவரைக்கும் டிரைவருக்கும் இன்பராஜுக்கும் சம்பந்தி விருந்து. சாயங்காலம் அதே பஸ் அருப்புக்கோட்டைக்குப் போய், போர்டு மாற்றிக்கொண்டு பரளச்சிக்கு வந்தது. சித்தப்பா அசையாமல் உட்கார்ந்து வந்தார். சித்தி நாலு சீட்டுத் தள்ளி உட்கார்ந்து வந்தார்.

ஊர் ஸ்டாப்பில் தங்கச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டே இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

“என்னப்பா, பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு தாயி. என்னா இழுவைங்கிற! ஒரு முழு பஸ்ஸு, அதுல நான், உங்கண்ணன், அந்தக் கண்டக்டரு. அசரலையே.”

“அவுகளா இழுத்தாக?”

“எவுக? நான் டிராக்டரைச் சொல்றேன்.”

“நான் மாப்பிள்ளையக் கேட்டேன்ப்பா.”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவுகளா? அவுகளும் நல்லாத்தான் ஓட்டுனாக.”